பகடை விழுவதற்கு முன்னால்: அக்காவோடு பால்டர்ஸ் கேட் 3 ஆடியதில் தெரிந்துகொண்டவை

கேம் என்றாலே விரல் வேகம்தான் என்று நம் பக்கம் பலர் நினைக்கிறார்கள். பிரௌசிங் சென்டரில் துப்பாக்கிச் சண்டை ஆடி வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் டர்ன் பேஸ்டு என்று ஒரு வகை இருக்கிறது. அதில் உங்கள் முறை வந்தால் நீங்கள் முடிவெடுக்கிற வரைக்கும் எதிரி அடிக்க மாட்டான், கடிகாரம் ஓடாது, அடுப்பில் பால் பொங்கினால் போய் இறக்கி வைத்துவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடரலாம். கதை கேட்கப் பிடிக்கும், யோசிக்கப் பிடிக்கும், ஆனால் கண்ட்ரோலரைத் தொட்டதே இல்லை என்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பால்டர்ஸ் கேட் 3. என் அக்காவோடு உட்கார்ந்து ஆடிய பிறகுதான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. இதைச் செய்தது பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து லாரியன் ஸ்டூடியோஸ். பாதி முடிந்த நிலையில் 2020 அக்டோபரில் விற்பனைக்கு விட்டு, ஆடுகிறவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுத் திருத்தி, 2023 ஆகஸ்ட் 3 அன்று முழு ஆட்டமாக வெளியிட்டார்கள். அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதும் இதற்குத்தான் கிடைத்தது. 1998இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டும் அதன் இரண்டாம் பாகமும் வேறு நிறுவனத்துடையவை. அவற்றில் சண்டை நிற்காமல் ஓடும், நாம்தான் பாஸ் போட்டு நிறுத்த வேண்டும். லாரியன் அதை முறை வைத்து ஆடுவதாக மாற்றியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள்தான் அடிப்படை, அதாவது எதைச் செய்தாலும் 20 முகப் பகடை ஒன்று உருளும்.

எங்கள் வீடு மதுரை வில்லாபுரத்தில். மாடியில் அக்காவும் அவள் பையனும், மச்சான் துபாயில். நான் சிம்மக்கல் பக்கம் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறேன், ராத்திரி சாப்பாடு முடிந்தால்தான் கம்ப்யூட்டர் பக்கமே போக முடியும். பையன் தூங்கியதும் அக்கா கீழே வந்து உட்கார்வாள். முதலில் வெறுமனே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திரையில் பகடை உருண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஏனென்றால் எங்கள் தெருவில் தாயம் ஆட அவளை அடிக்க ஆள் கிடையாது.

தாயத்தில் பித்தளைக் கட்டை என்ன காட்டும் என்பது யார் கையிலும் இல்லை. ஆனால் விழுந்த எண்ணை வைத்து எந்தக் காயை நகர்த்துவது, எதைப் பத்திரமான கட்டத்தில் நிறுத்துவது, எதிராளி எங்கே வெட்ட வருவான், இதெல்லாம் நம் கையில் இருக்கிறது. அக்கா ஜெயிப்பது அதனால்தான். பால்டர்ஸ் கேட்டும் இதே புத்தியைத்தான் கேட்கிறது, அவள் அதை என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். ஒரே வித்தியாசம், தாயத்தில் ஒன்று விழாதா என்று தவம் கிடப்போம், இங்கே ஒன்று விழுந்தால் காரியம் கெட்டது. பகடையில் 20 முகம் என்பதால் ஒரு பகடையை ஒருமுறை போட்டால் அது விழுகிற வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து.

நாங்கள் ஆடிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இது யாருக்கும் உதவும். ஒரே கம்ப்யூட்டர், ஒரே மவுஸ். பார்ட்டியில், அதாவது நாம் நடத்துகிற குழுவில், ஒரே நேரத்தில் நாலு பேர்தான் இருக்க முடியும், அதனால் ஆளுக்கு இரண்டு என்று பிரித்துக்கொண்டோம். நான் உருவாக்கிய கேரக்டரும் அஸ்டாரியனும் எனக்கு, ஷேடோஹார்ட்டும் கார்லாக்கும் அக்காவுக்கு (இந்த மூவரும் கதையில் நம்மோடு சேர்ந்துகொள்ளும் துணைவர்கள்). அவரவர் ஆள் முறை வரும்போது முடிவும் அவரவருடையது, மற்றவர் யோசனை சொல்லலாம், மவுஸைப் பிடுங்கக் கூடாது. இந்த ஒரு ஏற்பாடு இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொஞ்ச நாளிலேயே போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார். உரையாடல்களை நான் படித்துத் தமிழில் சொல்வேன், பதிலை இருவரும் பேசித் தேர்ந்தெடுப்போம். பதில் சொல்லும் இடத்தில் நேரக் கணக்கு கிடையாது, பட்டியல் அப்படியே நிற்கும். நடுவில் மச்சானின் வீடியோ கால் வந்தால் அக்கா மாடிக்குப் போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வருவாள், கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒருவன் கத்தியை ஓங்கியபடி அதுவரைக்கும் காத்திருப்பான்.

முதல் பெரிய முடிவு எமரால்டு க்ரோவ் என்ற தோப்பில் வந்தது. அங்கே அரபெல்லா என்று ஒரு சின்னப் பெண், புனிதச் சிலை ஒன்றைத் திருடிவிட்டாள் என்று பிடித்து வைத்திருக்கிறார்கள். காகா என்ற தலைவி அவள்மேல் ஒரு பாம்பை ஏவி நிற்கிறாள். பேசி விடுவிக்கப் பகடை போட வேண்டும். ஷேடோஹார்ட்டின் கைடன்ஸ் மந்திரத்தைப் போட்டு, அது ஒன்று முதல் நாலு வரைக்கும் கூடுதலாகத் தரும், அதற்கப்புறமும் எண் போதவில்லை. பாம்பு கொத்திவிட்டது. பிள்ளை அங்கேயே விழுந்து செத்துப்போனாள்.

நான் முன்பு சேமித்து வைத்த பழைய சேவ் ஃபைலைத் திறக்கக் கையைக் கொண்டுபோனேன். எல்லாரும் செய்வதுதானே. அக்கா மவுஸ்மேல் கையை வைத்துவிட்டாள். "விழுந்தது விழுந்ததுதான்டா. தாயத்துல திருப்பிப் போடுன்னு யாராச்சும் கேப்பாகளா?"

அன்றைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா அம்மா, லாக், கொமிரா, இருவரும் அழுவதைப் பார்க்கும்போது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அதிலிருந்துதான் கதை எங்களைப் பிடித்துக்கொண்டது. காகா ஏன் இவ்வளவு கொடூரமாக இருக்கிறாள் என்று அக்கா விடவே இல்லை, காகாவின் பெட்டியைத் திறந்து பார்க்க வைத்தாள், அதில் ஒரு சீட்டு கிடைத்தது, அது சதுப்பு நிலத்து மரம் ஒன்றுக்கு எங்களைக் கொண்டுபோனது, அங்கே கிடைத்த கடிதத்தில் காகா வேறொரு கூட்டத்தோடு ரகசியமாகச் சேர்ந்திருப்பது தெரிந்தது. எல்லார் முன்னாலும் அதை எடுத்துக் காட்டினோம். பழைய சேவ் ஃபைலைத் திறந்து பிள்ளையைக் காப்பாற்றியிருந்தால் அந்தப் பெட்டிப் பக்கமே நாங்கள் போயிருக்க மாட்டோம் என்றுதான் நினைக்கிறேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டு விதி இதுதான்: கரண்ட் போனாலோ, மவுஸ் தவறி ஆள் நெருப்புக்குள் நடந்துவிட்டாலோ மட்டும் பழைய சேவுக்குப் போகலாம். பகடை பொய்த்ததற்குப் போகக் கூடாது. இந்த ஆட்டத்தை எழுதியவர்கள் தோற்ற பகடைக்கும் வசனம் எழுதி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்காமல் தாண்டுவது பாதிக் கதையைக் கிழித்துப் போடுவது மாதிரி.

திருப்பிப் போட முடியாது என்று முடிவானதும் நாம் வேறு மாதிரி ஆட ஆரம்பிப்போம். பகடையைத் தொடுவதற்கு முன்னால் என்ன செய்யலாம் என்று தேடத் தொடங்குவோம். உண்மையான ஆட்டம் அங்கேதான் இருக்கிறது.

அதில் முதலாவது அட்வான்டேஜ். இரண்டு பகடை போட்டு அதிகமானதை எடுத்துக்கொள்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும் என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அட்வான்டேஜ் இருந்தால் அதுவே 75 சதவீதம். ஒளிந்திருந்து அடித்தால் கிடைக்கும், கீழே விழுந்து கிடப்பவனைப் பக்கத்தில் போய் அடித்தால் கிடைக்கும். உயரமான இடத்திலிருந்து அம்பு விட்டால் இரண்டு எண் கூடும், கீழிருந்து மேலே விட்டால் இரண்டு குறையும். அதனால் சண்டை தெரிந்ததும் அக்கா முதலில் பார்ப்பது எதிரியை இல்லை, ஏணி எங்கே, மேட்டு நிலம் எங்கே என்றுதான். பிளெஸ் மந்திரம் மூன்று பேருக்கு ஒன்று முதல் நாலு வரைக்கும் கூட்டித் தரும், பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் நீண்ட சண்டையில் நெருப்புக் குண்டைவிட அது எங்களுக்கு அதிகம் உதவியிருக்கிறது. அதைப் போட்டவர் கவனம் சிதறாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அடி வாங்கினால் கவனம் கலையலாம், வேறொரு கவன மந்திரம் போட்டால் பழையது போய்விடும். ஆகவே அவரைப் பின்னால் நிறுத்துங்கள்.

ஷேடோஹார்ட் எதையுமே அடிக்க மாட்டேன் என்கிறாளே என்று புதிதாக ஆடுகிறவர்கள் புலம்புவார்கள். அக்கா எதிரிமேல் மவுஸை வைத்துச் சதவீதத்தைப் பார்த்துப் பார்த்து அதன் காரணத்தைக் கண்டுபிடித்தாள். ஷேடோஹார்ட்டிடம் இருக்கும் ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரம் அவளுடைய அறிவுத்திறன் எண்ணை வைத்து உருள்கிறது, அது அவளுக்குக் குறைவு. அவளுடைய சேக்ரெட் ஃப்ளேம் மந்திரம் அப்படியில்லை, அதில் நாம் பகடை போடுவதில்லை, தப்பிக்க எதிரிதான் போட வேண்டும். சோம்பேறிபோல மெதுவாக நகர்கிற எதிரிக்கு அதுதான் சரி. எந்த எதிரியையும் எக்ஸாமின் போட்டுப் பார்த்தால் அவன் எதில் வலுவானவன், எது அவனுக்கு ஆகாது என்று எல்லாம் எழுதியிருக்கும். படிக்க நேரம் இருக்கும்போது படிக்காமல் அடிப்பதில் என்ன இருக்கிறது.

சுற்றுப்புறமும் ஒரு ஆயுதம்தான். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போட்டு எதிரியை நனைத்துவிட்டு மின்னல் மந்திரமோ பனி மந்திரமோ போட்டால் அடி இரட்டிப்பு. நனைந்தவனுக்கு நெருப்பு மட்டும் சரியாக ஏறாது. பாழ்கிணற்று வழியாக இறங்கும் குகையில் ஒரு பெரிய சிலந்தி வரும், நிறைய பேர் அங்கே மாட்டிக்கொண்டு நிற்பார்கள். அது வலைப் பாலத்தின்மேல் நிற்கும் நேரம் பார்த்து அந்த வலைக்கு நெருப்பு வையுங்கள், அது உயரத்திலிருந்து கீழே விழுந்து பலமாக அடிபடும். கீழே விழுந்து கிடக்கும் நம் ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மருந்துப் பாட்டிலைக் குடிக்கக் கொடுக்காமல் நடுவில் எறியுங்கள், ஒரே பாட்டிலில் இரண்டு பேரும் எழுந்துவிடுவார்கள்.

கோப்ளின் முகாம் எங்களுக்குப் பெரிய பாடம். மூன்று தலைவர்கள், கூட்டமோ ஏராளம். உள்ளே போய் வாளை உருவினால் எல்லாரும் ஒரேயடியாக வந்து விழுவார்கள். அக்கா இதைக் கல்யாண வீட்டு வேலை பிரிப்பதுபோலப் பிரித்தாள். முற்றத்தில் குடித்துக்கொண்டிருந்தவர்களின் மதுவில் அஸ்டாரியனை வைத்து விஷம் கலந்தாச்சு. குட் என்ற பூசாரி தனியறையில் பேசலாம் வா என்று கூப்பிடுவாள், போய் அங்கேயே முடித்தாச்சு. ராக்ஸ்லின் என்ற தலைவன் இருக்கும் மண்டபத்தில் போர் முரசை முன்னாலேயே உடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதை அடித்து ஆள் திரட்டிவிடுவார்கள். மண்டபத்தின் மேலே மர உத்திரங்கள் இருக்கின்றன, அஸ்டாரியனையும் என் ஆளையும் பார்ட்டியிலிருந்து தனியாகப் பிரித்து அங்கே ஏற்றி ஒளித்து வைத்தோம். கார்லாக் மட்டும் முன்னால் போய்ப் பேச்சுக் கொடுத்தாள். சண்டை தொடங்கும்போது ஆளுக்கு ஆள் எங்கே நிற்கிறோம் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. இப்படி நாலு பேரையும் சங்கிலி போலச் சேர்த்தே நடத்தாமல், பேச்சு தொடங்குவதற்கு முன் பிரித்து நிறுத்துவது ஆட்டம் முழுக்கப் பயன்படும். பொறி நிறைந்த இடங்களிலும் ஒளிந்து போகும்போதும் சண்டை இல்லாமலே டர்ன் பேஸ்டு முறையை நாமே போட்டுக்கொள்ளலாம், கீபோர்டில் ஷிஃப்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் போதும்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைக்குள் புழு ஏறியிருக்கிறது, சீக்கிரம் உருமாறிவிடுவாய் என்று ஆரம்பத்திலேயே கதை பயமுறுத்தும். அதைக் கேட்டுவிட்டு முகாமில் படுக்காமலே ஓடுகிறவர்கள் உண்டு. ஓட வேண்டாம். அந்தப் புழுவுக்கு நாள் கணக்கு கிடையாது. எரிகிற விடுதி மாதிரி, நெருங்கிவிட்டால் உடனே முடிக்க வேண்டிய சில இடங்கள்தான் விதிவிலக்கு. ஒரு நீண்ட ஓய்வுக்குச் சாதாரண நிலையில் 40 அளவு உணவுப் பொருள் வேண்டும், டாக்டீஷியன் என்ற கடின நிலையில் 80. வழியில் கிடைக்கும் மீன், ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் முகாமுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் தட்டுப்பாடு வராது. மந்திரங்கள் திரும்பக் கிடைக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, கூட வருகிறவர்கள் மனம் திறந்து பேசுவது பெரும்பாலும் ராத்திரி முகாமில்தான். கார்லாக் தன் நெஞ்சுக்குள் எரியும் இயந்திரத்தைப் பற்றிப் பேசிய ராத்திரி அக்கா நெடுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

விலங்குகளோடு பேசும் மந்திரத்தையும் விட்டுவிடாதீர்கள். சண்டைக்கு வெளியே போட்டால் மந்திர இருப்பில் ஒன்றும் குறையாது, அடுத்த நீண்ட ஓய்வு வரைக்கும் நிற்கும். செத்துப்போன எஜமானின் உடலுக்குப் பக்கத்தில் ஸ்கிராட்ச் என்று ஒரு நாய் காவல் நிற்கும், மிரட்டாமல் கையை மோந்து பார்க்க விட்டால் பின்னால் முகாமுக்கு வந்து சேரும். எலிகளும் மாடுகளும்கூடச் செய்தி வைத்திருக்கின்றன.

இரண்டாம் பகுதி இருட்டு. நிழல் சாபம் பிடித்த நாட்டில் லாஸ்ட் லைட் என்ற விடுதி மட்டும் ஒளி வட்டத்துக்குள் பிழைத்திருக்கிறது, அந்த வட்டத்தைத் தாங்குகிறவள் மாடியில் இருக்கும் இசபெல். அவளோடு பேசி முடித்ததும் மார்கஸ் என்பவன் அவளைத் தூக்கிப் போக வருவான். அவள் வீழ்ந்தால் விடுதியில் இருக்கும் கிட்டத்தட்ட எல்லாருக்கும் முடிவு வந்துவிடும். நல்ல ஓய்வெடுத்துவிட்டு, பேசுவதற்கு முன்னாலேயே ஆட்களை அந்த அறைக்குள் அவளைச் சுற்றி நிறுத்திவிட்டுப் பேசுங்கள். அக்கா கார்லாக்கை இசபெலுக்கு ஒட்டி நிறுத்தினாள், ஷேடோஹார்ட் எதிரியை அடிக்கவே இல்லை, இசபெலுக்கு மருந்து போடுவதுதான் அவள் வேலை. நானும் அஸ்டாரியனும் மார்கஸை மட்டும் குறிவைத்தோம். இசபெல் உயிரோடு நின்ற அந்தக் கடைசி முறையில் இருவரும் கத்தியதில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

ஆள் சரியில்லை என்று தோன்றினால் கவலைப்படாதீர்கள், முகாமில் விதர்ஸ் என்ற எலும்புக்கூட்டு மனிதர் 100 பொற்காசுக்கு யாருடைய வகுப்பையும் (போர்வீரன், மந்திரவாதி என்கிற மாதிரி தொழில் வகை) திறன் எண்களையும் முதலிலிருந்து மாற்றித் தருவார். அதனால் ஆரம்பத்திலேயே ஆளை எப்படி அமைப்பது, சரியான பில்ட் எது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்துக் குழம்பத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் வந்த எட்டாவது பேட்ச் என்ற புதுப்பிப்பில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு புது உட்பிரிவு சேர்ந்திருக்கிறது, பழைய ஆளை வைத்தே அதையும் முயன்று பார்க்கலாம். கடினம் என்றால் எக்ஸ்ப்ளோரர் என்ற எளிய நிலைக்கு இறக்கிக்கொள்ளுங்கள், கதை எதுவும் குறையாது.

இனி மெஷின் விஷயம். 150 ஜிபி இடம் வேண்டும், எஸ்எஸ்டி வேண்டும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் காட்சிகள் வந்து சேருவதற்குள் பொறுமை போய்விடும். குறைந்தபட்சமாக ஜிடிஎக்ஸ் 970 அளவு கிராபிக்ஸ் கார்டும் 8 ஜிபி ரேமும் கேட்கிறார்கள், சிரமமில்லாமல் ஓட 16 ஜிபி. மே மாதத்து மதுரையில் மின்விசிறிக் காற்றே சுடும், கம்ப்யூட்டர் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் டர்ன் பேஸ்டு நமக்குச் சாதகம்: செட்டிங்கில் ஒரு நொடிக்குத் திரையில் வரும் பிரேம் எண்ணிக்கையை 30க்குக் கட்டிவிட்டால் சூடு கணிசமாகக் குறைகிறது, ஆட்டத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை, அனிச்சையாகக் குதித்துத் தப்பிக்க வேண்டிய இடமே இல்லையே. மூன்றாம் பகுதியில் நகரத்துக்குள் போனதும் ஆள் கூட்டத்தால் பிராசஸர் திணறும், அங்கே இது இன்னும் தேவைப்படும். சண்டை நடுவிலும் சேவ் செய்யலாம், ஆகவே கரண்ட் போகிற நாட்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எஃப்5 தட்டிவிடுங்கள். வீட்டுக் கூடத்தில் ஆடுகிறீர்கள் என்றால் ஆரம்பத்திலேயே ஆப்ஷனுக்குள் போய் நிர்வாணக் காட்சிகளை அணைத்துவிடுங்கள். இது பெரியவர்களுக்கான ஆட்டம், ரத்தமும் உண்டு, சின்னப் பிள்ளைகள் தூங்கின பிறகுதான் சரி. தமிழில் வசனமோ எழுத்தோ கிடையாது, சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துச் சொல்ல எளிது.

மெஷின் இதைத் தாங்காது என்றால் அதே நிறுவனத்தின் டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 இருக்கிறது. 2017இல் வந்தது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், அதுவும் முறை வைத்துத்தான். அதில் தரையெல்லாம் எண்ணெயும் நெருப்பும் விஷமுமாகப் பரவி நிற்கும், எங்கே நிற்கிறோம் என்ற கணக்கு இன்னும் கூடுதலாகத் தேவை. நாங்கள் இப்போது பால்டர்ஸ் கேட் நகரத்துக்குள் இருக்கிறோம். ஒரே நேரத்தில் ஏகப்பட்ட வேலைகள் குவிந்து கிடப்பதால் பகுதி பகுதியாக, ஒரு தெருவை முடித்துவிட்டு அடுத்த தெரு என்று போகிறோம். அடுத்து அஸ்டாரியனின் பழைய எஜமான் வீட்டுக்குப் போக வேண்டும், அஸ்டாரியன் கேட்பதைக் கொடுக்கலாமா கூடாதா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அஸ்டாரியன் என் ஆள், முடிவு என்னுடையதுதான், ஆனால் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.